ஜென்மப் பாவமும் மட்டக்குளி பஸ்ஸும்

யாழ்ப்பாணத்து ரயில் அனுராதபுரத்தில் நிற்கும்போது பெட்டியில் இருப்பவர்கள் தாதுகோபம் தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். நான் அந்த ஊரில் நினைத்துக்கொள்வது வேறொன்றை. 1912இல் அங்கே நிலத்தைக் கிண்டியபோது ஒரு கருங்கல் துண்டு கிடைத்தது. அதன் வழுவழுப்பான பக்கத்தில் ஒரு சிலுவை செதுக்கியிருந்தது. போர்த்துக்கேயர் விட்டுப்போனது என்றும் சிலர் சொன்னார்கள். அவர்களுக்குப் பல நூற்றாண்டு முந்திய பாரசீகக் கிறிஸ்தவர்களின் சிலுவை என்பதே இன்று பலரும் ஏற்கும் கணிப்பு. 6ஆம் நூற்றாண்டில் கொஸ்மஸ் என்ற அலெக்சாந்திரிய வணிகர் எழுதிவைத்த குறிப்பு அதற்குத் துணை: தப்ரபேன் தீவில், அதாவது இலங்கையில், பாரசீகக் கிறிஸ்தவரின் ஆலயம் இருக்கிறது, அதன் குரு பாரசீகத்தில் பட்டம் பெற்று வருகிறவர்.

அந்தப் பாரசீகச் சபை தன் பேராசானாகக் கொண்டாடியவர் மொப்சுவெஸ்தியா ஊர் ஆயர் தெயோதோர். மனிதன் பாவம் செய்வது பிறவி இயல்பால் என்று சொல்பவர்களை மறுத்து ஒரு தனி நூலே எழுதியவர். அதே விவகாரத்தில் இத்தாலியிலிருந்து துரத்தப்பட்ட ஆயர் யூலியானுக்கு வீட்டில் இடம் கொடுத்தவரும் அவர்தான். ஆக, இந்தத் தீவுக்கு முதலில் வந்த கிறிஸ்தவம் ஜென்மப் பாவத்தைச் சுமந்துகொண்டு வரவில்லை. அது பின்னால் போர்த்துக்கேயக் கப்பலில் இறங்கிய சரக்கு.

இதெல்லாம் ரயிலில் நினைவுக்கு வரக் காரணம் இருந்தது. என் பெறாமகளின் ஆண் பிள்ளைக்குக் கொட்டாஞ்சேனை புனித லூசியாள் பேராலயத்தில் ஞானஸ்நானம். அதற்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். தங்கல் வழக்கம்போல வெள்ளவத்தையில், ஓய்வுபெற்ற கணக்கு மாஸ்டர் ஒருவரின் ஃப்ளாட்டில். கொட்டாஞ்சேனையில் சொந்தக்காரர் வீடு இருக்க வெள்ளவத்தையில் தங்குவது எதற்கு என்று கேட்பார்கள். மாஸ்டரோடு கதைக்கலாம் என்பதற்குத்தான்.

வெள்ளவத்தையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? காலி வீதியின் சீலைக் கடைகளும் நகைக் கடைகளும், கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றை ஒன்று முட்டி நிற்கிற மாடிவீடுகளும், 1942இல் தொடங்கி இப்போது ருத்ரா மாவத்தையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கமும், வெள்ளிக்கிழமை மயூரபதி அம்மன் கோயில் வாசலில் செருப்பு வைக்க இடமில்லாத நெருக்கமும் எல்லாரும் எழுதியவை. மாஸ்டரின் பல்கனியில் நின்றால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு சாண் கடல் தெரியும். அந்த ஒரு சாணுக்குள் கல்கிசை ரயில் நுழைந்து மறையும்.

மாஸ்டர் சைவர். பிளேன்டீ ஊற்றித் தந்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"பிறந்து நாப்பது நாள் ஆகாத பிள்ளை. அது என்ன தம்பி பாவம் செய்தது?"

"செய்யேல்லை மாஸ்டர். வாங்கினது."

"ஆரிட்டை?"

"ஆதாமிட்டை."

"அப்ப கடன்காரன்ரை பிள்ளை எண்டு சொல்லுங்கோ."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் அவர் கேட்ட அதே கேள்வியை 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒருவர் கேட்டு, அதற்காக இரண்டு பாப்பரசர்களும் ஒரு பேரரசரும் தலையிட வேண்டி வந்தது.

அவர் பெயர் பெலாகியுஸ். பிரித்தானியாவிலிருந்து ரோமுக்கு வந்து, அங்கே பிரபு குடும்பங்களுக்கு ஆன்ம ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்த துறவி. கிறிஸ்தவம் அரச மதமாகிவிட்ட காலம். பதவிக்காகவும் ஊரோடு ஒத்துப்போகவும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் பழையபடியே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். கேட்டால், மனிதன் பலவீனன், என்ன செய்வது என்றார்கள். பெலாகியுஸுக்கு எரிச்சல் வந்தது இந்தச் சாக்கைக் கேட்டுத்தான். செய்ய முடியாததைக் கடவுள் கட்டளையிடுவாரா? நல்லதைத் தேர்ந்துகொள்ளும் சக்தியை அவர் எல்லாருக்கும் கொடுத்திருக்கிறார். ஆதாம் தன் பாவத்தைத் தான் செய்தான். நீ உன் பாவத்தை நீதான் செய்கிறாய். அந்த நேரத்தில் ஆபிரிக்காவின் ஹிப்போ நகர் ஆயர் அகுஸ்தினாருடைய சுயசரிதை நூலிலிருந்து ஒரு மன்றாட்டை யாரோ அவர் முன் வாசித்தார்களாம். கடவுள் கேட்பதைச் செய்வதற்கு அந்தக் கடவுளே பலம் தந்தாகவேண்டும் என்ற பொருளில் அமைந்த மன்றாட்டு. பெலாகியுஸ் கொதித்துப்போனார் என்று அகுஸ்தினாரே பின்னால் எழுதுகிறார்.

410இல் விசிகோத் அரசன் அலாரிக்கின் படை ரோமைச் சூறையாடியபோது அகதிகளோடு அகதியாக இவரும் ஆபிரிக்கக் கரைக்குப் போனார். பிறகு பலஸ்தீனம். அவருடைய சீடர் செலஸ்தியுஸ் மட்டும் கார்த்தேஜில் தங்கிக் குருப்பட்டம் கேட்டார். அங்கேதான் வழக்கு வெடித்தது. புதிதாகப் பிறந்த குழந்தை, பாவம் செய்வதற்கு முன் ஆதாம் இருந்த அதே நிலையில்தான் இருக்கிறது என்று அவர் சொன்னதாகக் குற்றச்சாட்டு. 411 வாக்கில் கண்டனம். 415 டிசம்பரில் பலஸ்தீனத்துத் தியோஸ்போலிஸ் சங்கம் பெலாகியுஸை விசாரித்து விடுவித்தது. 417 ஜனவரியில் பாப்பரசர் முதலாம் இன்னசென்ட் கண்டித்தார். அவருக்குப் பின் வந்த சோசிமுஸ் அதே வருடம் இருவரையும் குற்றமற்றவர்கள் என்றார். ஆபிரிக்க ஆயர்கள் விடவில்லை. 418 ஏப்ரல் 30ஆம் தேதி பேரரசர் ஹொனோரியுஸ் நாடுகடத்தல் ஆணை பிறப்பித்தார். மறுநாளே கார்த்தேஜில் பெரிய சங்கம் கூடித் தீர்ப்பெழுதியது. சில வாரங்களில் சோசிமுஸும் மாறி, எல்லா ஆயர்களும் கையெழுத்திட வேண்டிய கண்டனக் கடிதத்தை அனுப்பிவைத்தார். இத்தாலியில் 18 ஆயர்கள் கையெழுத்திட மறுத்துப் பதவி இழந்தார்கள். தெயோதோரிடம் தஞ்சம் புகுந்த யூலியான் அவர்களில் ஒருவர். அகுஸ்தினார் 430இல், வண்டால்கள் அவருடைய ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருந்தபோது இறந்தார். அப்போது யூலியானுக்கு எழுதிக்கொண்டிருந்த மறுப்பு பாதியில் நின்றது.

இதைக் கேட்டு பெலாகியுஸ் இரக்கமுள்ளவர், அகுஸ்தினார் கல்நெஞ்சர் என்று முடிவுகட்டுவது எளிது. மாஸ்டரும் கட்டினார். அது சரியில்லை. முடியும் என்றால் செய்தே ஆகவேண்டும் என்பதுதான் பெலாகியுஸின் கணக்கு. அவருடைய சபையில் தவறி விழுபவனுக்கு இடமில்லை. அகுஸ்தினார் தன் மனம் தன் சொல் கேட்காத வருடங்களை மறக்காதவர். குடியை விடமுடியாதவனையும் அவருடைய சபை உள்ளே வைத்திருக்கும். அவர் சறுக்கியது குழந்தையிடம். குழந்தைகளுக்கும் பாவமன்னிப்புக்கென்று ஞானஸ்நானம் கொடுக்கிறோமே, பாவமே இல்லையென்றால் எதற்குக் கொடுக்கிறோம் என்பது அவருடைய பலமான வாதம். சடங்கு முதலில் இருந்தது. அதற்கு ஏற்றபடி குற்றம் பிறகு கண்டுபிடிக்கப்பட்டது. ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் சிசுவுக்கும் தண்டனை உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் லேசான தண்டனை என்று எழுதுகிற இடம்வரை அந்தத் தர்க்கம் அவரை இழுத்துப்போனது.

"எங்கடை பக்கம் வாங்கோ," என்றார் மாஸ்டர். "செம்பிலை களிம்பு மாதிரி ஆணவ மலம் உயிரோடை அநாதியா இருக்கு. ஆர் தந்ததுமில்லை. ஆதாமும் வேண்டாம், ஆப்பிளும் வேண்டாம்."

"அதைத் தானாப் போக்க ஏலுமோ மாஸ்டர்?"

"ஏலாது. அருள் வேணும்."

"அப்ப நீங்கள் அகுஸ்தினார் கட்சி."

கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "குற்றம் வேறை, அழுக்கு வேறை தம்பி," என்றார். என் அபிப்பிராயத்தில் அந்த நூற்றாண்டு முழுக்க நடந்த சண்டையில் யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியா, தாய் கவ்விச் செல்லும் பூனைக் குட்டியா என்று வைணவர்கள் வடகலை, தென்கலையாகப் பிரிந்து வாதாடியதும் இதன் மறுபாதிதான். ஆனால் அங்கேகூடக் குட்டி குற்றவாளியாகப் பிறந்ததாக யாரும் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் மட்டக்குளி பஸ் பிடித்தேன். நேரே கொட்டாஞ்சேனைக்குப் போகாமல் மருதானையில் இறங்கினேன். பஞ்சிகாவத்தைப் பக்கத்து உதிரிப்பாகக் கடைகளின் இரைச்சலைத் தாண்டினால் டீன்ஸ் வீதி. பாத்திமா ஆலயம் இருக்கிற வீதி. இங்கேதான் 1971இல் திஸ்ஸ பாலசூரிய அடிகள், சமூகம், சமயம் என்ற இரண்டையும் பெயரில் சேர்த்து ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினார். பார்ப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. சுற்றுலாக் கையேட்டில் இந்த வீதி வராது. ஆனால் பெலாகியுஸின் வழக்கு 1,500 வருடங்களுக்கும் மேல் கழித்துத் திரும்ப விசாரணைக்கு வந்தது இந்த முகவரிக்குத்தான்.

பாலசூரிய 1924இல் பிறந்தவர், பொருளியல் படித்தவர், அமலமரித் தியாகிகள் சபைக் குரு. அந்தச் சபையின் பெயரிலேயே விஷயம் இருக்கிறது: ஜென்மப் பாவம் தீண்டாமல் உற்பவித்த மரியாள். அக்குவைனாஸ் பல்கலைக்கழகக் கல்லூரியின் தலைவராக இருந்தவர், நாடு 1971 கிளர்ச்சியில் எரிந்த வருடத்தில் அதை விட்டு இந்த வேலைக்கு வந்தார். தோட்டத் தொழிலாளர், சேரி மக்கள், இனப்பிரச்சினை என்று எழுதிக்கொண்டிருந்தவர், 1990இல் மரியாளும் மனித விடுதலையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஆங்கிலத்தில். சிறிய பதிப்பு. ரோம் தொட்டிருக்காவிட்டால் மருதானையைத் தாண்டியிருக்காது.

அதில் அவர் கேட்டதை என் மொழியில் சொல்கிறேன். பரம்பரைக் குற்றம் என்ற போதனை இயேசுவின் வாயிலிருந்து வந்ததல்ல. பிற்காலத்தில் அகுஸ்தினார் வழியாக உருவானது. அதை நம்பினால் ஞானஸ்நானத்துக்கு வெளியே பிறந்த ஆசியாவின் கோடானுகோடிப் பேரும் கடவுளுக்கு அந்நியராகப் பிறந்தவர்கள் என்றாகும். புத்தரின் ஊரிலும் சைவரின் வீட்டிலும் இதை எந்த முகத்தோடு சொல்வது? மரியாளைப் பாவம் தீண்டாத பதுமையாக்கி உயரத்தில் வைத்ததில் அந்த ஏழைத் தாயின் துணிச்சல் மறைந்துபோனது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிறக்காத பாவத்தைத் தேடிக்கொண்டிருந்ததில் கண்ணெதிரே நடக்கிற சமூகப் பாவம் திருச்சபையின் கணக்கில் ஏறவில்லை.

1994 ஜூனில் இலங்கை ஆயர் பேரவை நூலைக் கண்டித்தது. அதே வருடம் கர்தினால் ராட்சிங்கர் தலைமையிலான விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் குற்றப்பட்டியல் அனுப்பியது. பாலசூரிய நீண்ட பதில் எழுதினார். போதாது என்றார்கள். அவருக்கென்றே தயாரித்த ஒரு விசுவாச அறிக்கையை அனுப்பி, கையெழுத்திடு என்றார்கள். பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கவே முடியாது என்ற வாக்கியமும் அதில் இருந்தது. அவர் அதை விட்டுவிட்டு, பாப்பரசர் ஆறாம் பவுல் 1968இல் வெளியிட்ட விசுவாச அறிக்கையில் கையெழுத்திட்டார். இறையியல் தேடலின் சுதந்திரத்தையும் பொறுப்பையும் மனதில் வைத்து ஒப்பமிடுகிறேன் என்று ஒரு வரி சேர்த்தார். அந்த ஒரு வரிதான் சிக்கல். 1997 ஜனவரி 2ஆம் தேதியிட்ட அறிவித்தலில் அவர் இனிக் கத்தோலிக்க இறையியலாளர் அல்ல, திருச்சபைக்குப் புறம்பானவர் என்று அறிவித்தார்கள். நம் பழைய ஞானோபதேசச் சொல்லில் பதிதர். வயது 72.

ரோமோடு முரண்பட்ட மற்ற இறையியலாளர்களில் சுவிட்சர்லாந்தின் ஹான்ஸ் கூங்குக்கு 1979இல் கத்தோலிக்க இறையியல் கற்பிக்கும் அனுமதி போனது. பிரேசிலின் லெயோனார்டோ போஃப்புக்கு 1985இல் மௌனம் விதித்தார்கள். மருதானைக் குருவுக்கு மட்டும் கடைசித் தண்டனையே முதல் தண்டனையாக வந்தது. ஐரோப்பாவில் படிப்பித்திருந்தால் இந்த வேகம் வந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

பாலசூரிய மேன்முறையீடு செய்யப் பார்த்தார்; பாப்பரசரே ஒப்புதல் தந்துவிட்டதால் வழியில்லை என்றார்கள். ஆனால் உலகம் முழுவதிலிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. ஒரு வருடம் கழித்து, 1998 ஜனவரி 15ஆம் தேதி தண்டனை நீங்கியது. ஆறாம் பவுலின் அதே அறிக்கையில், அந்த ஒரு வரி இல்லாமல், கையெழுத்திட்டார். எழுத்துகளில் கோட்பாட்டுப் பிழைகள் இருப்பதாகக் காணப்பட்டது என்று ஒத்துக்கொண்டார். பிழை விட்டேன் என்று எழுதவில்லை. பெண் குருத்துவம் பற்றிய வாக்கியம் போன இடம் தெரியவில்லை. எழுதுவதை இனி ஆயர்களிடம் காட்டி அனுமதி பெறவேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. 418இல் யூலியானிடமும் கேட்டது கையெழுத்துத்தான். வாதத்தில் யார் வென்றார் என்பது இரண்டு முறையும் மேசைக்கு வரவே இல்லை.

அடிகள் 2013 ஜனவரி 17ஆம் தேதி, குருவாகவே, கொழும்பில் காலமானார்.

டீன்ஸ் வீதியிலிருந்து ஓட்டோவில் கொட்டாஞ்சேனை போய்ச் சேர்ந்தபோது பிள்ளையைப் பேராலய வாசலில் வைத்திருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழும்பத் தொடங்கிய லூசியாள் பேராலயத்தின் முகப்பை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். உள்ளே தூண்களின் நிழலில் பழைய ஆயர்களின் கல்லறைகள். பிள்ளைக்கு நீளமான வெள்ளை லேஸ் சட்டை. இடது கன்னத்தில் நாவூறு படாமலிருக்கப் பெரிய கறுப்புப் பொட்டு. மணிக்கட்டில் வசம்பு. திருச்சபையின் காவலும் ஊரின் காவலும் ஒரே உடம்பில்.

வாசலில் பெயர் கேட்டார்கள். நெற்றியில் சிலுவை வரைந்தார்கள். பேயோட்டும் செபம் என்று ஒன்று உண்டு. ஜென்மப் பாவத்திலிருந்து இந்தப் பிள்ளையை விடுவிக்கும்படி கேட்கிற செபம். 1969இல் சடங்கைப் புதுப்பித்தபோதும் அதைச் சுருக்கினார்களே தவிர எடுக்கவில்லை. சுவாமியார் அதை வேகமாகச் சொன்னார். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் ஃபோனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எண்ணெய் பூசிய இடத்தைப் பஞ்சால் துடைத்தார். தண்ணீர் முதல் தடவை விழுந்தபோது பிள்ளை மூச்சைப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் தடவை கண்ணைத் திறந்தது. மூன்றாம் தடவை வீறிட்டதில் கன்னத்துக் கறுப்புப் பொட்டு கரைந்து லேஸில் வடிந்தது. ஞானத்தாய் பதறிப்போய்த் துடைக்க, அது இன்னும் பரவியது. சுவாமியார் சிரித்துவிட்டார்.

என் பக்கத்தில் இருந்தவர் பிள்ளையின் அப்பாவழிப் பூட்டி. எண்பது தாண்டிய கொட்டாஞ்சேனைக்காரி. பாவத்தைப் பற்றி நான் ஏதோ கேட்கப்போக, அவர் சொன்னது வேறு.

"அந்தக் காலத்துல தம்பி, தண்ணி ஊத்தாம பிள்ள செத்தா சிலுவ நட்ட மண்ணுல போட மாட்டாங்க. மதிலோரமாத்தான். என் ரெண்டாவது பிள்ள எட்டு மாசத்துல பொறந்துச்சு. சாமிக்கு ஆள் அனுப்பினா வர்ற வரைக்கும் தாங்குமா? நானே தண்ணி ஊத்திட்டேன். குடிக்கிற கோப்பையில."

"பிறகு?"

"விடியக்காலைல போயிருச்சு. ஆனா உள்ளாற பொதச்சாங்க."

அவசரத்தில் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபைச் சட்டம். அந்தக் கோப்பைத் தண்ணீர் முழுதாகச் செல்லும். ஆனால் பிள்ளை பெற்ற மறுநாளே மதிலின் உட்பக்கமா வெளிப்பக்கமா என்று ஒரு தாயைக் கவலைப்பட வைத்தது கார்த்தேஜில் எழுதிய தீர்ப்பு. அகுஸ்தினாரின் லேசான தண்டனையை இடைக்காலத்து இறையியலாளர்கள் மெல்ல மாற்றி, வேதனையும் இல்லாத கடவுள் தரிசனமும் இல்லாத லிம்போ என்ற இடத்தை உண்டாக்கினார்கள். 2007 ஏப்ரலில் வத்திக்கானின் அனைத்துலக இறையியல் ஆணைக்குழு ஓர் ஆவணம் வெளியிட்டது: ஞானஸ்நானமின்றி இறக்கும் சிசுக்கள் மீட்படைவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு. அதற்கு அனுமதி தந்த பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட். பாலசூரியவின் வழக்குக் கோப்பை மேசையில் வைத்திருந்த அதே ராட்சிங்கர். பூட்டியிடம் இதைச் சொன்னேன். "இப்ப சொல்றாங்களா," என்று மட்டும் கேட்டார்.

விருந்து மத்தியானம் இரண்டு மணிக்கென்றார்கள். அதற்குள் வுல்பெண்டால் தேவாலயத்தைப் பார்த்துவிடலாம் என்று நடந்தேன். கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைப் பக்கம் இறங்குகிற மேட்டில், சுமார் 5 அடிப் பருமனான சுவர்களோடு ஒல்லாந்தர் கட்டியது. 1749இல் அடிக்கல், 1757இல் திறப்பு. தரையெல்லாம் கல்லறைக் கற்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளிர்.

ஒல்லாந்தரின் கால்வினிசம் அகுஸ்தினாரையே மிஞ்சியது. மனிதனின் சித்தம் முற்றாகக் கெட்டது. யாரை மீட்பது என்று கடவுள் முன்பே தேர்ந்துவிட்டார். அருளை மனிதன் மறுக்கவும் முடியும் என்ற ஆர்மீனியர் கட்சி, அதாவது ஆர்மீனியஸ் என்ற பேராசிரியரின் வழிவந்தவர்கள், 1618–19இல் டோர்ட் நகர்ச் சங்கத்தில் தோற்றார்கள். அந்தக் கட்சிக்குக் கைகொடுத்த அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட் 1619 மே மாதம் தலை வெட்டப்பட்டார். 1602இல் ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியை உருவாக்குவதில் முன்நின்றவர் அதே மனிதர். அவர் தொடங்கிவைத்த கம்பனி, அவரைக் கொன்றவர்களின் கோட்பாட்டைச் சுமந்துகொண்டு 1656இல் கொழும்பைப் பிடித்து, பிறகு இந்தச் சுவர்களைக் கட்டியது.

கோட்பாட்டைவிட அவர்களுடைய பதிவேடுதான் நம்மவர் வாழ்க்கையில் புகுந்தது. ஞானஸ்நானமும் திருமணமும் பள்ளித் தோம்பு என்ற அந்தப் பதிவேட்டில் ஏறினால்தான் பிள்ளைக்குச் சட்டப்படி உரிமை. சைவ வீட்டுப் பிள்ளைகளும் கத்தோலிக்க வீட்டுப் பிள்ளைகளும் ஒல்லாந்தத் தேவாலயத்தில் தலையில் தண்ணீர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்த் தங்கள் சாமியைக் கும்பிட்டார்கள். பரம்பரைப் பாவத்தைக் கழுவியதாகக் காட்டினால்தான் பரம்பரைக் காணி. டோர்ட் சங்கத்துப் பெரியவர்கள் இதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். பிரிட்டிஷார் வந்து கட்டாயம் நீங்கியதும் ஒல்லாந்தச் சபையின் எண்ணிக்கை கரைந்துபோனதில் ஆச்சரியம் இல்லை. 1814இல் வந்திறங்கிய மெதடிஸ்த மிஷனரிகள் ஆர்மீனியஸ் பக்கத்தவர்கள். டோர்டில் தோற்ற கட்சி இரண்டே வருடத்தில், 1816இல், புறக்கோட்டையில் தன் ஆலயத்தைத் திறந்தது. நடந்து போகிற தூரம்தான்.

கொட்டாஞ்சேனையில் இந்த வாதத்தின் இன்னொரு வீடும் உண்டு: தீபதுத்தாராமய விகாரை. 1873 ஆகஸ்டில் பாணந்துறை வாதத்தில் கிறிஸ்தவப் போதகர்களைத் திணறடித்த மிகெட்டுவத்தே குணானந்த தேரர் இருந்த இடம். தன் வினைப்பயனைத் தானே அனுபவிக்கிறான் என்று படித்த பௌத்தரிடம், எவனோ தின்ற பழத்துக்கு நீ பொறுப்பு என்று சொன்னால் எப்படி எடுபடும்? வாதம் வாதமாகவே நிற்கவில்லை. 1883 மார்ச் 25ஆம் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, விகாரைக்கு வந்த பௌத்த ஊர்வலத்தைக் கத்தோலிக்கர் தாக்கினார்கள். நம் சனம் கல்லெறி வாங்கிய கதையை நூறு தடவை சொல்வோம். எறிந்த கதையையும் ஒரு தடவையாவது சொல்லவேண்டும்.

கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போகாமல் கொட்டாஞ்சேனை விருந்துக்குப் போனால் பாவம். போனேன். 2019 ஏப்ரல் 21ஆம் தேதி, அதுவும் ஓர் உயிர்த்த ஞாயிறு, பூசை நேரத்தில் குண்டு வெடித்த ஆலயம். இப்போது வாசலில் பையைத் திறந்து காட்டவேண்டும். எனக்கு முன்னால் நின்ற முஸ்லிம் பெண்ணின் பையையும் என் பையையும் காவலர் ஒரே மாதிரித்தான் பார்த்தார். அந்தோனியாரிடம் எல்லாச் சமயத்தாரும் வருவார்கள். அந்த வருடம் மே மாதம் குண்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் வடமேற்கில் எரிந்தன. எரித்தவர்கள் அகுஸ்தினாரைப் படித்தவர்கள் அல்ல. பிறப்பாலேயே குற்றவாளி என்ற எண்ணத்துக்கு இறையியல் தேவையில்லை.

இரவு வெள்ளவத்தையில் மாஸ்டரிடம் இதைச் சொன்னேன். அவர் 1983 ஜூலையில் இதே ஒழுங்கையில், அப்போது ஓட்டு வீடு, குடியிருந்தவர். 25ஆம் தேதி தமிழருக்கு எதிரான வன்முறையில் காலி வீதிக் கடைகள் எரிந்த புகை கடற்கரைவரை வந்ததாம். அயல்வீட்டுச் சிங்களக் குடும்பம் இரண்டு இரவு உள்ளே வைத்திருந்தது. பிறகு அகதி முகாம், கப்பலில் காங்கேசன்துறை.

"அந்த வீட்டுக்காரர் கதவைத் திறந்தவர். எதிர்வீட்டுக்காரன் வாக்காளர் பட்டியலோடை வந்தவங்களுக்கு எங்கடை வீட்டைக் காட்டினவன். பிறகு நான் திரும்பி வந்து ரியூஷன் துவங்க, ரெண்டு பேரின்ரை பேரப்பிள்ளையளும் என்னட்டைத்தான் கணக்குப் படிச்சவை."

"ரெண்டு பேரையும் ஒரு மாதிரியோ பார்த்தனீங்கள்?"

"கணக்குப் பிழைச்சால் ரெண்டு பேருக்கும் ஒரே குட்டுத்தான்."

2004 ஜூலையில் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 83க்காக அரசின் பேரிலும் நாட்டு மக்கள் எல்லாரின் பேரிலும் மன்னிப்புக் கேட்டார். எல்லாரும் என்றால் 83இல் பிறந்தே இராதவர்களும் சேர்த்தி. பெலாகியுஸ் இருந்தால் ஆட்சேபித்திருப்பார். எனக்கு ஆட்சேபம் இல்லை. பட்டியல் காட்டியவனின் பேரன் குற்றவாளி அல்ல. ஆனால் அந்தப் பட்டியலை அச்சடித்த அரசும், எரிந்த இடத்தில் மலிவாக வாங்கிய காணியும், விசாரிக்கப்படாமல் மூடிய கோப்பும் கைமாறிக்கொண்டுதான் வந்திருக்கின்றன. மாஸ்டர் சொன்னபடி குற்றம் வேறு, அழுக்கு வேறு. பாலசூரிய சமூகப் பாவம் என்று எழுதியதும் இதைத்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன். குழந்தையின் விஷயத்தில் பெலாகியுஸே சரி. வளர்ந்தவர்கள் கூடிக் கட்டிய ஊரின் விஷயத்தில் அகுஸ்தினார் சொன்னதைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

கொழும்புக்கு வருகிற தமிழ்க் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் கொச்சிக்கடையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வெள்ளவத்தையில் சீலை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே மட்டக்குளி பஸ் மருதானையில் நிற்கும். இறங்கி டீன்ஸ் வீதிக்கு நடக்கப் பத்து நிமிடம் போதும். திஸ்ஸ பாலசூரிய எழுதியதை ஏற்றுக்கொள்ளவேண்டும் என்று சொல்லவில்லை. அவரைப் பதிதர் என்று சொல்லிக் கேட்டவர்கள், கையெழுத்து வாங்கியவர்கள் சொன்னதை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், அவர் எழுதியதையும் ஒருமுறை வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.